நாட்டிய மேதை அன்னா பாவ்லோவா: சலவைத் தொழிலாளியின் மகள் உலகம் சுற்றிய கதை

பாலே நாட்டியம் என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வரும் பெயர் அன்னா பாவ்லோவா. ரஷிய நாட்டில் ஏழை சலவைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சக்கரவர்த்தியின் நாட்டியக் குழுவில் முதல் இடத்தைப் பிடித்தவர். ஓய்வூதியத்துடன் கூடிய அந்த வேலையை உதறிவிட்டு, ரெயிலிலும் கப்பலிலும் ஊர் ஊராகச் சென்று ஆடியவர். நம் நாட்டுக்கும் இரண்டு தடவை வந்தவர். நம்மவர்கள் இருவரை நம் நடனத்தின் பக்கம் திருப்பி விட்டவர். ஐம்பதாவது பிறந்த நாளைக் காணாமல், பயணத்தின் நடுவிலேயே ஓட்டல் அறையில் உயிர் விட்டவர்.

அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

குறைப்பிரசவக் குழந்தை

ரஷியாவின் அந்நாளைய தலைநகரம் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கே 1881-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ந் தேதி அன்னா பிறந்தார். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை. பிழைக்குமா என்று வீட்டார் பயந்தார்கள். பனி கொட்டும் குளிர்காலம். குழந்தையைக் கம்பளியில் சுற்றிச் சுற்றி வைத்துக் காப்பாற்றினார்கள்.

தாயார் பெயர் லியுபோவ். துணி வெளுத்துப் பிழைப்பவர். தகப்பனார் யார் என்பது பற்றி இன்று வரை பல விதமாகப் பேசுகிறார்கள். தாயாரின் கணவர் மாத்வி பாவ்லோவின் பெயரே குழந்தைக்கு வந்தது. தகப்பன் துணை இல்லாமலேதான் அன்னா வளர்ந்தார். நோஞ்சான் குழந்தை என்பதால், நகரத்துக்கு வெளியே லிகோவோ என்ற கிராமத்தில் பாட்டி வீட்டில் விட்டு வைத்தார்கள்.

அன்னாவுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். தாயார் எப்படியோ காசு சேர்த்து, மகளை மாரின்ஸ்கி நாடக அரங்குக்கு அழைத்துச் சென்றார். அது சக்கரவர்த்தியின் குடும்பத்தார் வந்து பார்க்கும் பெரிய அரங்கம். அன்று நடந்தது 'உறங்கும் அழகி' என்ற பாலே நாட்டியம். பெரிய இசை மேதை சாய்கோவ்ஸ்கி இசை அமைத்தது. நாட்டியம் அமைத்தவர் மாரியஸ் பெட்டிபா.

மேடையில் ஆண்களும் பெண்களும் கூட்டமாக ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் ஆடுகிறாயா என்று தாயார் வேடிக்கையாகக் கேட்டார். கூட்டத்தில் ஆட மாட்டேன், நடுவில் தனியாக ஆடும் அந்த அழகியைப் போலத்தான் ஆடுவேன் என்று சிறுமி பதில் சொன்னாள். அன்று பிடித்த பிடிவாதம், சாகும் வரை அவரை விடவில்லை.

துடைப்பம் என்று கேலி

நாட்டியம் கற்க வேண்டும் என்றால், சக்கரவர்த்தியின் நாட்டியப் பள்ளியில் சேர வேண்டும். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடை, தங்கும் இடம், படிப்பு எல்லாம் அரசாங்கச் செலவு. ஆகவே ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே வழி இருந்தது. ஆனால் தேர்வு கடுமையானது. முதல் தடவை போனபோது வயது போதவில்லை, உடம்பும் தேறவில்லை என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். தாயும் மகளும் மனம் தளராமல் மறுபடியும் போனார்கள். 1891-ம் ஆண்டு, பத்து வயதில், அன்னாவுக்கு இடம் கிடைத்தது.

பாலே நாட்டியம் என்பது ஐரோப்பிய அரண்மனைகளில் வளர்ந்த கலை. பாட்டும் பேச்சும் கிடையாது. வாத்திய இசைக்கு ஏற்ப உடம்பின் அசைவாலேயே கதை சொல்ல வேண்டும். பெண்கள் கால் விரல்களின் நுனியில் எழும்பி நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது. அப்படியே நகர வேண்டும், சுழல வேண்டும். பட்டுத் துணியில் செய்த காலணியின் முனையில், துணியையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்துக் கெட்டியாக்கி இருப்பார்கள். உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தச் சின்ன முனை தாங்க வேண்டும். பத்து வயதில் தொடங்கினால்தான் எலும்பும் தசையும் அதற்கு வசப்படும்.

அந்தக் காலத்தில் ரஷியாவில் புகழ் பெற்று விளங்கியவர் இத்தாலியில் இருந்து வந்த பியரினா லென்யானி. கட்டுமஸ்தான உடம்பு. ஒரே காலில் நின்று 32 தடவை தொடர்ந்து சுழன்று ஆடி, கூட்டத்தைத் திகைக்க வைத்தவர். நடனப் பெண் என்றால் அவரைப் போல் உருண்டு திரண்டு இருக்க வேண்டும் என்பதே அன்றைய நினைப்பு.

அன்னாவோ ஒல்லி. கையும் காலும் நீளம். பாதம் வில்லைப் போல் வளைந்து, பலம் இல்லாமல் இருந்தது. கணுக்கால் மெலிந்து இருந்தது. உடன் படித்த பெண்கள் துடைப்பம் என்று பட்டப் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். லென்யானியைப் போல் சுழன்று காட்ட வேண்டும் என்று அன்னா ரகசியமாகப் பழகிப் பார்த்தது உண்டு. ஆசிரியர் பாவெல் கெர்ட் அதைக் கண்டித்தார். வித்தை காட்டுவது மற்றவர்களுக்கு. உனக்கு இருக்கும் மென்மைதான் உன் சொத்து என்ற கருத்தை மனதில் பதிய வைத்தார்.

குறை என்று சொல்லப்பட்டதையே அன்னா நிறையாக்கிக் கொண்டார். பாதத்தின் பலவீனத்தை ஈடு செய்ய, காலணிக்குள் கெட்டியான தோலை வைத்துத் தைத்துக் கொண்டார். முனையையும் தன் காலுக்கு ஏற்றபடி திருத்தினார். இது மோசடி என்று மற்ற நடனப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பின்னாளில் பாலே காலணி செய்பவர்கள் எல்லோரும் அந்த வழியைத்தான் பின்பற்றினார்கள்.

அரசாங்க வேலை

1899-ம் ஆண்டு, 18-வது வயதில், பள்ளிப் படிப்பை முடித்து அன்னா மாரின்ஸ்கி அரங்கில் சேர்ந்தார். அது அரசாங்க உத்தியோகம். மாதச் சம்பளம் உண்டு. படிப்படியாகப் பதவி உயர்வு உண்டு. 20 ஆண்டு வேலை பார்த்தால் ஓய்வூதியமும் உண்டு. நடனப் பெண்களின் உடம்பு அதற்கு மேல் தாங்காது என்று அப்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

1903-ம் ஆண்டு 'ஜிசேல்' என்ற நாட்டியத்தில் முக்கிய வேடம் கிடைத்தது. காதலனால் ஏமாற்றப்பட்டு, புத்தி பேதலித்து இறந்து, ஆவியாக வந்து அவனையே காப்பாற்றும் கிராமத்துப் பெண்ணின் வேடம். அன்னாவின் மெலிந்த உடம்பும், காற்றில் மிதப்பது போன்ற ஆட்டமும் அந்த வேடத்துக்கென்றே அமைந்தது போல் இருந்தன. துடைப்பம் என்று கேலி செய்த ஊர், இப்போது அவர் பெயரைக் கேட்டு டிக்கெட் வாங்கியது. 1906-ம் ஆண்டு குழுவின் முதல் நிலை நடனக் கலைஞராக உயர்ந்தார்.

பதவி வந்த பிறகும் அவர் மாணவியாகவே இருந்தார். இத்தாலிய ஆசிரியர் என்ரிகோ செக்கெட்டியிடம் தனியாகப் பாடம் கேட்டு, தன் பலவீனங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக் கொண்டார்.

வேலை நிறுத்தத்தில்

1905-ம் ஆண்டு ரஷியா கொந்தளித்தது. ஜனவரி மாதம், மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள் மீது செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் துருப்புகள் சுட்டன. அக்டோபரில் ரெயில்வே உள்பட நாடு முழுவதும் வேலை நிறுத்தம். நாட்டியக் கலைஞர்களும் கூடினார்கள். சம்பளம் போதாது, எங்களை நடத்துகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள். அதை முன்னின்று நடத்திய பிரதிநிதிகளில் அன்னாவும் ஒருவர். இன்னொருவர் மிகயில் ஃபோக்கின் என்ற இளைஞர்.

நிர்வாகம் விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. பலர் பயந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான செர்ஜி லெகாத் என்ற கலைஞர், மன வேதனை தாங்காமல் தற்கொலை செய்து கொண்டார். கோரிக்கைகள் நிறைவேறவில்லை.

சாகும் அன்னப் பறவை

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1907-ம் ஆண்டு டிசம்பரில், ஒரு தர்ம நிகழ்ச்சியில் ஆட அன்னாவுக்கு ஒரு சின்ன நாட்டியம் தேவைப்பட்டது. ஃபோக்கினிடம் கேட்டார். பிரெஞ்சு இசை அமைப்பாளர் சான் சான்ஸ் எழுதிய அன்னப் பறவை இசை ஃபோக்கினுக்கு நன்கு பழக்கமானது. அந்த இசைக்கே ஆடலாம் என்றார். சில நிமிடங்களில் நாட்டியம் உருவானது என்று சொல்வார்கள்.

அதில் பெரிய தாவல் இல்லை. சுழற்சி இல்லை. வெள்ளை இறகு உடை உடுத்திய பெண் ஒருத்தி, விரல் நுனியில் சின்னச் சின்ன அடி வைத்து மேடையைக் கடக்கிறாள். கைகள் இறக்கை போல் அசைகின்றன. பறவைக்கு மூச்சுத் திணறுகிறது. எழும்பப் பார்க்கிறது, முடியவில்லை. மறுபடியும் முயல்கிறது. கடைசியில் காலை நீட்டி, உடம்பைச் சாய்த்து, ஒடுங்கிப் போகிறது. மொத்தம் சில நிமிடங்கள்தான்.

அந்த நாட்டியம் அன்னாவின் அடையாளம் ஆகி விட்டது. பின்னர் எந்த ஊருக்குச் சென்றாலும் ரசிகர்கள் அதைக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான மேடைகளில் அவர் அந்தப் பறவையாகச் செத்துக் காட்டினார்.

வெளிநாட்டுப் பயணம்

1908-ம் ஆண்டு விடுமுறையில் ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், பெர்லின் முதலிய நகரங்களுக்குச் சென்று ஆடினார். அடுத்த ஆண்டு, செர்ஜி டியாகிலெவ் என்பவர் ரஷியக் கலைஞர்களைத் திரட்டி பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். அன்னாவும் போனார். ஆனால் டியாகிலெவுடன் நீண்ட நாள் ஒத்துப் போகவில்லை. 'நெருப்புப் பறவை' என்ற புதிய நாட்டியத்தில் ஆட வாய்ப்பு வந்தபோது, அதற்கு ஸ்ட்ராவின்ஸ்கி அமைத்த இசை தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுங்கிக் கொண்டார். அந்த வேடம் தமாரா கார்சாவினாவுக்குப் போய், 1910-ல் பெரும் புகழ் பெற்றது.

அன்னா தன் வழியில் போனார். 1910 பிப்ரவரியில் மிகயில் மார்ட்கின் என்ற கலைஞருடன் நியூயார்க்கில் ஆடினார். அன்று முதலில் இசை நாடகம். அது முடிந்து இவர்கள் ஆட்டம் தொடங்கும்போது இரவு 11 மணி. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. அதே ஆண்டு லண்டனில் பேலஸ் அரங்கில் ஆடினார். அது பாட்டு, வேடிக்கை, வித்தை எல்லாம் கலந்து நடக்கும் இடம். சக்கரவர்த்தியின் அரங்கில் ஆடியவர் இங்கேயும் ஆடலாமா என்று யோசிக்கவில்லை.

1912-ல் லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் 'ஐவி இல்லம்' என்ற வீட்டை வாங்கினார். தோட்டத்துக் குளத்தில் அன்னப் பறவைகளை வளர்த்தார். 1913-ல் மாரின்ஸ்கி அரங்கில் கடைசியாக ஆடினார். வேலையில் சேர்ந்து 14 ஆண்டுதான் ஆகியிருந்தது. இன்னும் ஆறு ஆண்டு பொறுத்திருந்தால் முழு ஓய்வூதியம். நிலையான வருமானத்தையும், சக்கரவர்த்தியின் அரங்கில் இருந்த மதிப்பையும் விட்டுவிட்டுச் சொந்தக் குழு நடத்தக் கிளம்பினார். எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பவில்லை

1914-ம் ஆண்டு கோடையில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஜெர்மனியில் இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. பகை நாட்டுக்காரர் என்று அவரைத் தடுத்து வைத்தார்கள். விடுதலையாகி லண்டன் வந்து, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1917-ல் ரஷியாவில் புரட்சி வந்தது. சக்கரவர்த்தி போனார். பழைய உலகம் போயிற்று. அன்னா தன் பிறந்த மண்ணை மறுபடியும் பார்க்கவே இல்லை. பஞ்சத்தில் வாடிய பழைய நாட்டியப் பள்ளிக்கும் கலைஞர்களுக்கும் வெளிநாட்டில் இருந்து உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார். 1920-ம் ஆண்டு பாரிசுக்குப் பக்கத்தில் சான் குளூ என்ற இடத்தில் ஒரு வீடு எடுத்து, அகதிகளாக வந்த ரஷிய அனாதைச் சிறுமிகளை வைத்து வளர்த்தார்.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயப் பெண்கள். அவரே பழக்கி உருவாக்கியவர்கள். வாத்தியக்காரர்கள், உடை தைப்பவர்கள், மேடை அமைப்பவர்கள் என்று எல்லோருக்கும் அவர் ஒருவருடைய கால்தான் சோறு போட்டது. ஒப்பந்தம், கணக்கு வழக்கு, பயண ஏற்பாடு எல்லாவற்றையும் அவருடைய வாழ்க்கைத் துணைவர் விக்டர் டாண்ட்ரே பார்த்துக் கொண்டார்.

அமெரிக்காவில் ஒரு இசை நாடகக் குழுவுடன் சேர்ந்து நடத்திய பயணத்தில் பெரும் நஷ்டம் ஏற்பட்டது. கடனை அடைக்கவும், குழுவைக் கலைக்காமல் வைத்திருக்கவும், 1915-16-ல் ஒரு ஊமைப் படத்தில் ஊமைப் பெண்ணாக நடித்தார். 1916-ல் நியூயார்க் ஹிப்போடிரோம் அரங்கில் ஒப்பந்தம் செய்து கொண்டார். யானைகளும் வித்தைக்காரர்களும் வரும் பெரிய வேடிக்கை நிகழ்ச்சி அது. தினம் இரண்டு காட்சி. சிறு வயதில் தான் பார்த்து மயங்கிய அதே 'உறங்கும் அழகி'யைச் சுருக்கி, யானைகளுக்கு நடுவே ஆடினார்.

பிறகு தென் அமெரிக்கா. 1917-ல் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் அவர் ஆடியதை 13 வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்தான். பெயர் ஃபிரெடரிக் ஆஷ்டன். அன்றே அவன் நாட்டியக்காரன் ஆவது என்று முடிவு செய்தான். பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த நாட்டிய அமைப்பாளர் ஆனான். 1919-ல் மெக்சிகோ நகரில் காளைச் சண்டை மைதானத்தில், ஆயிரக்கணக்கான எளிய மக்கள் முன்னால் அன்னா ஆடினார். அவர்களுடைய நாட்டுப்புற நடனத்தையே விரல் நுனியில் நின்று ஆடிக் காட்டினார்.

வாழ்க்கை இப்படியே ரெயில் பெட்டியிலும் கப்பல் அறையிலும் கழிந்தது. ஒரு ஊரில் ஒரு இரவு ஆட்டம். முடிந்ததும் பெட்டி கட்டி அடுத்த ஊருக்கு ரெயில். போய் இறங்கியதும் பயிற்சி, ஒத்திகை, மறுபடியும் ஆட்டம். மேடை பழுதாகிக் கிடந்தாலும், கூட்டம் குறைந்தாலும் ஆட்டத்தைக் குறைக்க மாட்டார். தினசரிப் பயிற்சியை விட மாட்டார். குழுவினரையும் விட விட மாட்டார். கோபக்காரர் என்று பெயர் எடுத்தார்.

பாரிசிலும் லண்டனிலும் இருந்த விமர்சகர்கள் அவரைக் குறை சொல்லத் தொடங்கினார்கள். டியாகிலெவின் குழு புதுப் புது இசையும் ஓவியமும் கொண்டு வருகிறது, இவரோ பழைய சரக்கையே சுற்றிச் சுற்றி ஆடுகிறார், இசை மட்டமாக இருக்கிறது, துணைக்கு ஆடுகிறவர்கள் சுமார் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டியாகிலெவின் குழு பெரிய நகரங்களை விட்டு அதிகம் அசையவில்லை. பாலே என்ற சொல்லையே கேள்விப்படாத ஊர்களுக்கு அதைத் தூக்கிக் கொண்டு போனவர் அன்னா பாவ்லோவாதான்.

நம் நாட்டில்

1922-ம் ஆண்டு ஜப்பான், சீனா, சிங்கப்பூர், மலேயா, ரங்கூன் வழியாக அவர் குழு இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆடினார்கள். சென்ற நாட்டில் எல்லாம் அந்த நாட்டு நடனத்தைப் பார்க்கவும் கற்கவும் ஆசைப்படுவது அவர் வழக்கம். ஜப்பானில் அப்படியே கற்றுக் கொண்டார். இந்தியாவிலோ, நல்ல நடனம் பார்க்க வேண்டும் என்று கேட்ட இடத்தில் எல்லாம் சரியான பதில் கிடைக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. நம் நடனம் அப்போது சாகவில்லை. தஞ்சை ஜில்லாவின் ஊர்களில் நட்டுவனார்களும், சதிர் ஆடும் குடும்பத்துப் பெண்களும் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். ஆனால் கோவில் நடனப் பெண்களை ஒதுக்கி வைக்கும் இயக்கம் 1890-களிலேயே தொடங்கி விட்டது. படித்தவர்கள் வீட்டில் நடனம் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். ஆகவே வெளிநாட்டு விருந்தாளிக்கு அதைக் காட்ட யாரும் முன்வரவில்லை.

உயிருள்ள நடனத்தைக் காண முடியாத அன்னாவை அஜந்தா குகை ஓவியங்கள் கவர்ந்தன. 1923-ல் அஜந்தா ஓவியங்களை வைத்தே ஒரு பாலே நாட்டியம் லண்டனில் அரங்கேறியது. இந்தியக் கதைகளை வைத்து வேறு இரண்டு சிறு நாட்டியங்களும் செய்ய விரும்பினார். அதற்கு லண்டனில் ஓவியம் படித்துக் கொண்டிருந்த ஒரு வங்காளி இளைஞர் கிடைத்தார். அவர்தான் உதயசங்கர். முறையாக நடனம் கற்றவர் அல்ல. ஆனால் ரத்தத்தில் ஆட்டம் இருந்தது. 1923-ல் லண்டன் கோவண்ட் கார்டன் அரங்கில் உதயசங்கர் கிருஷ்ணனாகவும், அன்னா ராதையாகவும் ஆடினார்கள். பிறகு அமெரிக்கப் பயணத்திலும் உதயசங்கர் உடன் போனார்.

தனக்கும் பாலே கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அந்த இளைஞர் கேட்டார். அன்னா மறுத்து விட்டார். உன் நாட்டில் இதைவிடப் பெரிய செல்வம் இருக்கிறது, அதைத் தேடிப் போ என்பதுதான் அவர் சொன்ன புத்திமதியின் சாரம். உதயசங்கர் அப்படியே செய்தார். 1938-ல் அல்மோராவில் அவர் தொடங்கிய கலை மையத்தில் பரத நாட்டியம் கற்பித்தவர் நம் கந்தப்பப் பிள்ளை. 1948-ல் வெளிவந்த உதயசங்கரின் 'கல்பனா' படம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது.

கப்பலில் கிடைத்த அறிவுரை

1928-29 பயணத்தில் அன்னா மறுபடியும் இந்தியா வந்தார். பம்பாயில் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்த ருக்மணி தேவி. பிரம்ம ஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலின் மனைவி. பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் தற்செயலாக இரண்டு பேரும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. நட்பு மலர்ந்தது. ருக்மணி தேவிக்கு பாலே கற்க ஆசை. தன் குழுவின் கிளியோ நோர்டி என்பவரைக் கொண்டு அன்னா பாடம் சொல்லித் தர ஏற்பாடு செய்தார். கூடவே, உங்கள் நாட்டு நடனத்தைக் கற்றுக் கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

ருக்மணி தேவி ஊர் திரும்பி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம் கேட்டார். 1935-ல் அடையாற்றில் மேடை ஏறினார். பிராமண வீட்டுப் பெண் ஆடுவதா என்று ஊரே பேசியது. 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

இதை வைத்து, பரத நாட்டியத்தை மீட்டுத் தந்தவரே பாவ்லோவா என்று சிலர் எழுதுவது உண்டு. அது சரி அல்ல. அதைக் காத்துத் தந்தவர்கள் பந்தநல்லூர் நட்டுவனார்களும், கௌரி அம்மாள் போன்ற பெண்களும். அவர்களுக்கு உரிய பெருமையும் பணமும் அந்த நாளில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாவ்லோவா செய்தது ஒன்றுதான். வெளிநாட்டுக் கலையில் மயங்கி வந்த இரண்டு பேரிடம், உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பாருங்கள் என்று சொன்னார். தன் கலையைப் பரப்பவே ஊர் சுற்றியவர் அப்படிச் சொன்னதுதான் பெரிய விஷயம்.

கடைசிப் பயணம்

வயது ஐம்பதை நெருங்கியது. முழங்காலில் வலி. ஆனாலும் குழுவைக் கலைக்க மனம் இல்லை. 1930-ம் ஆண்டு கடைசியில் தெற்கு பிரான்சில் சிறிது நாள் ஓய்வெடுத்தார். 1931 ஜனவரியில் அடுத்த பயணத்துக்குக் கிளம்பி ரெயில் ஏறினார். வழியில் அந்த ரெயில் விபத்துக்கு உள்ளாகி நின்றது என்றும், மெல்லிய உடையுடன் பனியில் இறங்கி நின்றதால் அவருக்குக் குளிர் பிடித்தது என்றும் சொல்வார்கள்.

நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரை அடைந்தபோது காய்ச்சல் கடுமையாகி விட்டது. நுரையீரல் உறையில் நீர் கோத்துக் கொண்டது. டாக்டர்கள் எவ்வளவோ முயன்றும் பயன் இல்லை. ஜனவரி மாதம் 23-ந் தேதி அதிகாலை, ஓட்டல் அறையில் அன்னா பாவ்லோவா காலமானார். ஐம்பது வயது நிறைய இன்னும் 20 நாள் இருந்தது. கடைசி நேரத்தில் அன்னப் பறவை உடையைத் தயார் செய்யச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு.

சில நாட்களுக்குள் லண்டனில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி. திரை விலகியது. மேடையில் யாரும் இல்லை. வாத்தியக்காரர்கள் அன்னப் பறவை இசையை வாசித்தார்கள். அவர் ஆட வேண்டிய இடத்தில் விளக்கொளி மட்டும் விழுந்தது. பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அவர் உடல் லண்டனில் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் செய்யப்பட்டது. அஸ்தி அங்கேயே ஒரு கலசத்தில் வைக்கப்பட்டது. 2001-ம் ஆண்டு வாக்கில் அதை மாஸ்கோவுக்குக் கொண்டு போக ஒரு முயற்சி நடந்தது. அது நிறைவேறவில்லை. உயிரோடு இருந்தபோது ஊர் திரும்ப முடியாதவர், அஸ்தியாகவும் திரும்பவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் ஒரு இனிப்புக்கு, 1926-ல் அவர் அங்கே வந்து போனதன் நினைவாக, பாவ்லோவா என்றே பெயர். அவர் ஆடியதைக் காட்டும் சில ஊமைப் படத் துணுக்குகளும் இருக்கின்றன. மங்கலான அந்தப் படங்களில் அவர் முகம் கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தக் கைகளின் அசைவு தெரியும்.

பிழைப்புக்காக வந்த இந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் சலங்கை கட்டிக் கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். மாதச் சம்பளத்தில் கட்டணம் கட்டுவது பெற்றோருக்குச் சிரமம்தான். மகளுக்குக் கால் ஒல்லி, உடம்பு போதாது என்று யாராவது சொன்னால் மனம் சோர்ந்து விட வேண்டாம். சலவைத் தொழிலாளி லியுபோவ், ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்ட மகளை மறுபடியும் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாரே, அந்தத் தாயை நினைத்துக் கொண்டால் போதும்.